வாசலை விட்டு எழுந்த கோலங்கள்

ஐப்பசி அடைமழை வெறித்த மறுநாள் காலை, பொன்மலர் நகர் இரண்டாம் தெருவில் சங்கரவடிவு போட்ட கோலம், அவள் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு இழை பிசகாமல், ஒரு புள்ளி சிந்தாமல், தரையை விட்டு ஒரு சாண் எழும்பி, உலரப் போட்ட வலைபோல அந்தரத்தில் நின்றது. அவள் நின்ற இடத்திலிருந்தே உள்ளே பார்த்து, "ஏங்க, கோலம் எந்திச்சிட்டு. பால்காரன் வந்தாம்னா தட்டிராம வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இட்லி ஊற்றப் போனாள்.

அவள் கணவர் ஆவுடையப்பன் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெருவின் நலச் சங்கத் தலைவர், எதையும் மேலும் கீழும் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதவர். குனிந்து கோலத்துக்கு அடியில் ஒருமுறையும், எக்கி அதற்கு மேலே ஒருமுறையும் பார்த்துவிட்டு, "வில்லங்கம் ஒண்ணும் இல்ல" என்று சான்று கொடுத்தார். பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்துக்குள் தெருவின் இரண்டு சாரியிலும் கோலங்கள் எழுந்துவிட்டிருந்தன. கணுக்கால் உயரத்தில் சில, முழங்கால் உயரத்தில் சில. தாமரைகள் தண்ணீர் இல்லாத குளத்தில் பூத்ததுபோல நின்றன, தேர்கள் வடம் பிடிக்க ஆளில்லாமல் நின்றன, கிளிகள் மட்டும் இப்போதுதான் தங்களுக்கு நியாயம் கிடைத்தது என்பதுபோலக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றன. காற்றடித்தால் கோலங்கள் கலையவில்லை. கை பட்டால் மட்டும் மாவாக உதிர்ந்து, மறுநாள் காலைவரை அந்த வாசல் வெறிச்சென்று கிடந்தது.

தெரு அதற்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. வாசல் தெளித்த பெண்கள் தரையைப் பெருக்கிய கையோடு ஆகாயத்தையும் ஒருமுறை பெருக்கினார்கள். பேப்பர் போடுகிறவன் கோலத்துக்கு மேலே வீசாமல் அடியில் வீசப் பழகினான். நாய்கள் கோலத்துக்குக் கீழே நிழல் இருக்கிறது என்று நம்பிப் படுத்துக்கொண்டன. நாளாக நாளாகக் கோலங்கள் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் உயர்ந்தபோது, வீட்டுக்குள் வருகிற எவரும் குனிந்துதான் வரவேண்டியிருந்தது. மின்சாரக் கணக்கெடுப்பவர் குனிந்தார், சீட்டுக் கம்பெனிக்காரர் குனிந்தார், காலங்காலமாகப் பெண் வீட்டு வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, செருப்பைக் கழற்றவும் யோசிக்கிற சம்பந்திமார்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழாத குறையாக உள்ளே வந்தார்கள். ஒரு தெருவுக்கு இதைவிட என்ன மங்கலம் வேண்டும்?

கோலம் ஏன் எழுந்தது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்பதே காரணம். அந்த நகர் இருந்த இடம் ஊரின் பழைய குப்பைக்கிடங்கு. கல்யாண மண்டபங்களின் எச்சில் இலைகளும், கோயில் மாலைகளும், சந்தையில் விலைபோகாத காய்களும் ஒரு தலைமுறைக்காலம் வண்டி வண்டியாக வந்து விழுந்த பள்ளத்தை ஒரு கோடைகாலத்தில் செம்மண் போட்டு மூடி, வெள்ளைக்கல் நட்டு, பூவின் பெயர் வைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் கேட்கவில்லை, விற்றவர்கள் சொல்லவில்லை. அப்படியும் மண் தன்னால் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது. போன ஆடியில் ஆவுடையப்பன் முனைப்பில் தெரு முழுக்க, ஒவ்வொரு வீட்டு வாசற்படி வரைக்கும், இடுக்கு இல்லாமல் சிமெண்ட் கல் பதித்து, "இனி ஒரு புல்லு முளைக்கட்டும் பாப்போம்" என்று அவர் சவால் விட்டார். புல் முளைக்கவில்லை. கோலம் எழுந்தது.

எந்த வீட்டுக் கோலம் அதிகம் எழுகிறதோ அந்த வீட்டில் லட்சுமி நிற்கிறாள் என்று சங்கரவடிவு ஒரு நாள் காய்கறி வண்டிக்காரனிடம் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அது சாஸ்திரமாகிவிட்டது. சங்கம் கூடி, திருக்கார்த்திகையன்று தையற்காரரின் டேப்பை வைத்து அளந்து, உயரக் கோலத்துக்குப் பித்தளைக் குத்துவிளக்கு பரிசு என்று தீர்மானம் போட்டது.

தெருவின் கிழக்குக் கோடியில், முருகன் கோயில் பொட்டலை ஒட்டிய கடைசி வீடு பிரமநாயகியினுடையது. அவள் கணவர் குற்றாலிங்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வாடகை வீடுகளில்தான் இருந்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரு வீட்டுக்காரி இருந்தாள். அந்த வீட்டுக்காரிக்கு ஒரு கோலம் இருந்தது. அது போக மிச்சமிருக்கிற மூலையில், குழாயடிக்கும் செருப்புக்கும் நடுவில், பிரமநாயகி நாலு புள்ளி வைத்து நாலு கோடு இழுத்துவிட்டு எழுந்துகொள்வாள். ஒரு வீட்டில் அதுவும் கூடாது என்று சொன்னார்கள். அங்கே இருந்தவரைக்கும் விடியற்காலையில் சும்மா உள்ளங்கையில் விரலால் போட்டுக்கொண்டாள். இந்தச் சித்திரையில் சொந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் போட்ட கோலம் வாசற்படியில் தொடங்கி நடுரோடு வரை போயிற்று, நெடுந்தூரம் பஸ்ஸில் கால் மடக்கி உட்கார்ந்து வந்தவர் இறங்கியதும் காலை நீட்டுவதுபோல.

மழைக்குப் பிறகு அந்த வாசலில் எழுந்த கோலம்தான் தெருவிலேயே உயரம். முதல் வாரத்திலேயே அது குற்றாலிங்கத்தின் தலையைத் தாண்டி, ஜன்னலின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. குனியாமல் போகக்கூடிய ஒரே வீடு என்று பால்காரன் அதை மெச்சினான். சங்கரவடிவு அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் ஜெபசீலி வந்தாள். யாரோ ஒரு மாப்பிள்ளையின் தகப்பனார் குனியப்போய், இடுப்பு பிடித்துக்கொண்டு, நகராட்சியில் போய்ச் சண்டை போட்டதன் விளைவு. நில ஆய்வு படித்த பெண், முப்பது வயது இருக்கும், நாசரேத் பக்கம். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு இரும்புக் கம்பியும் சுத்தியலும், தோளில் ஒரு மஞ்சள் பெட்டியும் அதிலிருந்து தொங்கும் ரப்பர் குழாயும். வந்த அன்றே பிற்பகலில், தெருவின் கோடி வரை போய்ப் பார்க்குமுன், சங்கத்துக் கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"ஐயா, இது அடியில மக்குன குப்பையில இருந்து வர்ற மீத்தேன் வாயு. நிறம் கிடையாது. தனியா வந்தா வாசமும் கிடையாது. காத்துல நூத்துல அஞ்சு பங்கு கலந்துச்சுன்னா ஒரு தீப்பொறி போதும். நீங்க பூமியோட மூக்கைச் சிமெண்ட் கல்லால அடைச்சு வச்சிருக்கீங்க, அது வாசலைத் தேடி வருது. எங்க அதிகமா வருதோ அங்க கல்லைப் பேத்துட்டு, ஓட்டை போட்ட பைப்பை ஆழமா இறக்கி, கூரைக்கு மேல வாய் வச்சு விடணும்."

"எங்கன அதிகமா வருதாம்?" என்று ஒருவர் கேட்டார்.

"கோலம் எங்க எழும்புதோ அங்கதான். வாசலுக்கு நேரா."

கொட்டகையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. வாசலுக்கு நேரே மரமோ தூணோ கம்பமோ நின்றால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. வீடு கட்டும்போது அதற்காகவே மின்கம்பத்தை இரண்டு அடி தள்ளி நடவைத்தவர்கள் அவர்கள்.

"எம்மா," என்றார் ஆவுடையப்பன், கனிவாக. "பைப்பு வேண்டாம்னு நாங்க சொல்லல. சர்க்கார் செய்யுதது நல்லதுக்குத்தான். ஆனா நாறுதது எதுவும் வடமேற்கு மூலையிலதான் இருக்கணும். கக்கூசை ஒட்டிப் போட்டுருங்க."

"ஐயா, வாயுவுக்குத் திசை தெரியாது."

"நமக்குத் தெரியும்லா. நாம காட்டிக்கொடுப்போம்."

ஜெபசீலி எவ்வளவோ வாதாடினாள். கடைசியில் எல்லா வீட்டுக் கொல்லையிலும், கக்கூசுக்குப் பக்கத்தில், ஆளுயரத்துக்கு மூன்று மடங்காகப் பைப்புகள் நின்றன. கொல்லையில் கல் பதிக்கவில்லை, மண் அங்கே முன்பே மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தது. பைப்புகளால் ஆன ஒரே பயன் காக்கைகள் உட்கார இடம் கிடைத்ததுதான். கோலங்கள் இன்னும் ஒரு முழம் ஏறின.

அன்று கொட்டகையை விட்டுப் போகும்முன் ஜெபசீலி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "எந்த வீட்டு வாசல்ல அளவு எல்லை மீறி இருக்கோ, அந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லி எழுதவேண்டி வரும். உயிர் போயிடும்ல."

பிரமநாயகி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் நேரே வீட்டுக்கு வந்தாள். வாசலில் தலைக்கு மேலே நின்ற தன் கோலத்தைப் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்து, எக்கி எக்கி, அதைப் பெருக்கிக் கீழே தள்ளினாள்.

மறுநாள் மாவை அரைத்து ஈரமாகப் போட்டாள். ஈரக் கோலமும் சொட்டிக்கொண்டே எழுந்தது. கல்லுப்பில் போட்டாள்; எழுந்தது. அதற்கடுத்த நாள் குற்றாலிங்கம் சிநேகிதரின் லேத் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு இரும்புத்தூள் கொண்டுவந்தார். அது எழவில்லை. கறுப்பாக, கனமாக, தரையோடு கிடந்தது. பனியில் நனைந்து துருவேறி, இரண்டாம் நாள் கோயில் மதில் காவிபோல ஆயிற்று.

சங்கரவடிவு அந்தப் பக்கம் மறுபடி பார்க்கத் தொடங்கினாள். "என்ன பிரமு, கோலம் கருத்துட்டு?"

"புது மோஸ்தர் மதினி. மெட்ராஸ்ல எல்லாரும் இப்ப இதான் போடுதாகளாம்."

"அதான் எந்திக்க மாட்டேங்கு. பழச விடப்படாது பாத்துக்கோ."

"வாஸ்தவம் மதினி."

ஏன் இறங்கிற்று என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டுக் கோலம் இறங்குவதற்கு உலகத்தில் யாரும் காரணம் கேட்பதில்லை.

இப்படியாக, தெருவில் ஒருத்தி கோலத்தைக் கீழே அழுத்திக்கொண்டிருக்க, மற்ற எல்லாரும் அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாவைத் துணியில் சலித்து, சலித்ததை மறுபடி சலித்தார்கள். முகப்பவுடர் டப்பாக்கள் தெருமுனைக் கடையில் தீர்ந்துபோயின. இலவம்பஞ்சைப் பொடித்துக் கலந்த வீடும் உண்டு. ஒரு வீட்டில் கோலத்துக்கு அடியில் மேசை விசிறியை மல்லாத்தி வைத்திருந்ததை ஆவுடையப்பன் கண்டுபிடித்து, போட்டியிலிருந்து நீக்கிவிடுவதாக மிரட்டினார். அவர் வீட்டு வாசலிலேயே பவுடர் வாசம் கல்யாண வீடுபோல மணத்தது. அதை அவர் கேட்கவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஜெபசீலி தன் கம்பியோடு அலைந்தாள். வாயு எங்கே கனத்திருக்கிறது என்று அறிய, கல்லில் துளை போட்டு, குழாயை உள்ளே விட்டுப் பெட்டியில் எண் பார்க்கவேண்டும். புதுக்கல்லைக் கண்ட இடத்தில் குத்தச் சங்கம் சம்மதிக்கவில்லை. "உயரக் கோலம் எங்க இருக்கோ அங்க மட்டும் குத்திக்கோ தாயி. எந்திக்காத இடத்தைக் குத்தி என்ன காணப்போற?" அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவள் உயரமான வாசலாகத் தேடித் தேடிக் குத்தினாள். சங்கரவடிவு வாசலில் கோலம் கழுத்துக்கு நின்றது. எண் அதற்குத் தக்கபடி ஏறவே இல்லை. வாயுதான், ஆனால் கோலத்தில் பாதி பவுடர். ஜெபசீலி பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"பெட்டி ஓடலியோ?" என்றார் ஆவுடையப்பன்.

"ஓடுது ஐயா. எங்கயோ ஒரு இடத்துல பெருசா தேங்கி இருக்கு. அங்கிருந்துதான் தெருவுக்கே பரவுது. அது எங்கன்னுதான் பிடிபடலை." அவள் தொப்பென்று வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஐயா, ஒண்ணு மட்டும் கேளுங்க. அந்த இடம் தெரியிற வரைக்கும் கார்த்திகைக்கு வெளியில விளக்கு வைக்காதீங்க."

உள்ளேயிருந்து சங்கரவடிவு வந்தாள். "கார்த்திகைக்கு வெளக்கு வைக்காம இருக்க எங்க வீட்ல என்ன சாவா விழுந்துருக்கு? இந்த வருசம் வெளக்கை கோலத்துமேலயே வைக்கப் போறோம், அந்தரத்துல நின்னு எரியும். நீயும் வந்து பாரு. பொரியுருண்டை தாரேன்."

கார்த்திகைக்கு முந்தின நாள் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, குற்றாலிங்கம் வாசலில் நின்று ஒரு பீடியைப் பற்றவைத்துவிட்டுத் தீக்குச்சியைக் கீழே போட்டார். குச்சி தரையைத் தொடவில்லை. தொடுவதற்கு முன்பே கோலத்தின் ஒரு மூலையில் நீலமாக ஒரு சுடர் எழுந்து, இழை பிடித்து ஓடி, வளைவில் வளைந்து, பின்னலில் பின்னி, ஒரு புள்ளியையும் விடாமல் கோலம் முழுவதையும் சுற்றிவந்து, இரும்புத்தூள் முழுக்கக் கம்பி மத்தாப்பாகப் பொரிந்து, ஒரு 'பொஃப்' சத்தத்தோடு அடங்கியது. பிரமநாயகி காபித் தம்ளரோடு வாசற்படியில் நின்றாள். அவர் திரும்பினார். மீசை இல்லை. புருவமும் இல்லை. முகம், அழித்துவிட்டு மறுபடி எழுத மறந்த சிலேட்டுபோல இருந்தது.

"அழகாத்தான் இருந்துச்சுட்டி," என்றார்.

அவள் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். முகத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"வலிக்கா?"

"இல்ல. நாளைக்குக் கார்த்திகை."

"தெரியும்."

"நம்ம பொட்டல்லதான் சொக்கப்பனை கொளுத்துவான். அவ்வளவு ஓலை. தெருப் பிள்ளைய பூரா அங்கதான் நிக்கும்."

"தெரியும்னு சொல்லுதேன்லா."

அவர் நெற்றியில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "சொல்லிருவோம்ட்டி. காலி பண்ணச் சொன்னா பண்ணுவோம். ஊர்ல வீடா இல்ல? நான் பாக்காத ரூட்டா?"

"உங்களுக்கு எல்லா ஊரும் ஒரு ஸ்டாப்பு. எறங்கி ஏறிருவீய." அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இன்னொருத்தி வாசல்ல மூலை பாத்துக் கோலம் போட இனி என்னால ஏலாது. செத்தாலும் ஏலாது."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அன்றைக்குத் தெரு அவரைப் பார்த்துக் கேட்டது. "என்னவே குற்றாலிங்கம், மொகம் என்னமோபோல இருக்கு?"

"வேண்டுதல் அண்ணாச்சி. முருகனுக்கு முடி காணிக்கை."

"புருவத்தையா குடுப்பாக?"

"முடின்னுதான் வேண்டுனேன். எந்த முடின்னு சொல்லல. தலையில இருக்குறது நாலு, அத விட்டுக்குடுக்க மனசு வரல."

பிரமநாயகி அன்று முழுக்க வேலை செய்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே மத்தியானம் வரைக்கும் தெரியாது. மத்தியானத்துக்கு மேல் பொட்டலில் ஆட்கள் பனையோலையைக் கொண்டுவந்து குவித்தார்கள். எதிர்வீட்டுக் குழந்தை ஒன்று, நடக்கப் பழகிச் சில நாள்தான் ஆகிறது, ஓலைக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்து சிரித்தது. அவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பச்சரிசியை எடுத்து ஊறப் போட்டாள்.

கார்த்திகையன்று காலை அவள் வாசலைக் கழுவினாள். துருவையும் கரியையும் தேங்காய்நாரால் தேய்த்து எடுத்தாள். இடித்துச் சலித்த மாவு வெறும் அரிசி மாவு, அதில் பவுடரும் இல்லை, பஞ்சும் இல்லை. வாசற்படியில் தொடங்கி நடுரோடு வரை புள்ளி வைத்தாள். வாடகை வீடுகளில் உள்ளங்கையில் போட்டு அழித்த எல்லாக் கோலத்தையும் ஒன்றோடொன்று முடிச்சிட்டதுபோல, வைத்த கை எடுக்காமல், தொடங்கிய இழை தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்வரை இழுத்தாள். கடைசி இழை சேர்ந்ததும் கோலம் எழுந்தது. அவசரமில்லாமல், குளித்து எழுகிறவர்போல எழுந்தது. ஜன்னலைத் தாண்டிற்று, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிற்று, மின்கம்பி குறுக்கே வந்தபோது கண்ணிகளை லேசாக விலக்கிக் கம்பியை உள்ளே விட்டு மறுபக்கம் எடுத்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே, தென்னைமரத்தின் குருத்தோலை உயரத்தில் போய், தெரு முழுதும் தெரிகிற மாதிரி விரிந்து நின்றது. வெயில் அதன் வழியாக இறங்கித் தரையில் அதே கோலத்தை நிழலில் போட்டது.

தெரு வெளியே வந்தது. தையற்காரர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார், டேப்பைப் பார்த்தார், சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது செல்லாது!" என்றாள் சங்கரவடிவு. "நேத்து வரைக்கும் தரையில கெடந்த கோலம்! ஏங்க, நீங்க சொல்லுங்க!"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தபோது ஜெபசீலியின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியது. அவள் அங்கேயே நிறுத்தி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, கழுத்து வலிக்கிற மட்டும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, இதை ஏன் எனக்கு முதல்லயே காட்டல?"

"வீட்டைப் புடுங்கிருவீயளோன்னு," என்றாள் பிரமநாயகி.

ஜெபசீலி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கோலம் நின்ற இடத்துக்கு நேர்கீழே தண்ணீரை ஊற்றி, ஈரத்தில் மெதுவாகக் கம்பியை இறக்கி, குழாயை விட்டாள். மஞ்சள் பெட்டி வீல் என்று அலறத் தொடங்கி, நிற்கவே இல்லை. அவள் அதை வாய்பொத்துவதுபோலக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாள். அடுப்பை அணைக்கச் சொன்னாள், வண்டிகளைத் தொடக்கூடாது என்றாள், பீடிக்காரர்கள் அடுத்த ஊருக்குப் போகலாம் என்றாள். பொட்டலில் குவித்த ஓலையை ஆட்கள் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எதிர்வீட்டுக் குழந்தையை யாரோ இடுப்பில் தூக்கிக்கொண்டு போக, அது கோலத்தைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டே போயிற்று.

"இங்கதான் தேங்கி இருக்கு," என்றாள் ஜெபசீலி, பெட்டியின் சத்தம் அடங்கிய பிறகு. "உள்ளபடி எழுதினா இந்த வீட்டை இன்னிக்கே பூட்டணும். பொழுது சாயிறதுக்குள்ள இங்க பைப் இறங்கி, நாளைக்குக் காலையில வீட்டுக்குள்ள அளவு இறங்கியிருந்துச்சுன்னா, பூட்டவேண்டாம்னு எழுதலாம். ஆனா இங்கதான் இறங்கணும். ஒரு அடிகூடத் தள்ள முடியாது."

அவள் காட்டிய இடம் வாசலுக்கு நேர் நடு. கதவைத் திறந்தால் கண் விழிக்கிற இடம்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "பிரமு, நான் சங்கத் தலைவரா சொல்லல, கூடப்பிறந்தவனா சொல்லுதேன். வாசலுக்கு நேரா கம்பம் நட்டா குடும்பத்துக்கு ஆகாது. பெறவு எங்களைச் சொல்லப்படாது."

"அண்ணாச்சி, வீடே பறந்து போனா அது குடும்பத்துக்கு ஆகுமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"நடுங்கம்மா," என்றாள் பிரமநாயகி ஜெபசீலியிடம். "நேர் நடுவுலயே நடுங்க. கோணலா மட்டும் நட்றாதீய, பாக்குறதுக்கு அசிங்கமா இருக்கும்."

பொறி பறக்கக்கூடாது என்பதால் எந்திரம் இல்லை. ஆட்கள் ஈரச் சாக்கைப் போட்டுக் கல்லைப் பேர்த்தார்கள், நெம்புகோலைப் பிடித்தவர்களில் ஆவுடையப்பனும் ஒருவர், தாம் பதித்த கல்லைத் தாமே பேர்க்கிற மனிதரின் முகத்தோடு. கையால் துளைக்கிற திருகுக்கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செம்மண்ணைத் தாண்டி, கறுப்பு மண்ணைத் தாண்டி, மண்ணே இல்லாத ஒரு ஆழத்துக்குப் போனார்கள். பைப் இறங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பூமி, பந்தி முடிந்து இலையை மடித்துவிட்டு எழுந்த ஒரு பெரிய மனிதரைப்போல, நீண்ட ஏப்பம் விட்டது.

கூடவே வாசனையும் வந்தது. அழுகலும் புளிப்பும்தான், ஆனால் அதற்குள் வாடிய மல்லிகையும், கொதித்து ஆறிய ரசமும், வாழையிலையும், அவியலும் தனித்தனியாக இருந்தன. மூக்கைப் பொத்தியவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள்.

"ஏங்க," என்றாள் சங்கரவடிவு மெதுவாக, "இது நம்ம கல்யாணத்து ரசம்லா?"

"நம்ம கல்யாணத்துல ரசத்துல உப்பு கெடையாது. இதுல இருக்கு."

"உப்பு இல்லன்னு யாரு சொன்னா? உங்க அக்கா சொன்னாளா? இத்தன வருசம் மனசுல வச்சிருந்தீயளோ?"

அவர்கள் சண்டையை முடிக்குமுன் வானத்தில் நின்ற கோலம் தளர்ந்தது. ஒரே வீச்சில் விழவில்லை. இழை இழையாக, பின்னல் பின்னலாக அவிழ்ந்து, அரிசி மாவாகத் தெரு முழுவதும் பெய்தது. மை பூசிய ஆவுடையப்பன் தலை நொடியில் நரைத்தது. மை பூசாதவர்கள் தலையும் நரைத்தது. சிறு பிள்ளைகள்கூடக் கிழவர்களாகி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். குற்றாலிங்கத்துக்கு மட்டும் வெள்ளையாகப் புருவமும் மீசையும் கிடைத்தன. அதைப் பார்த்து, காலையிலிருந்து சிரிக்காத பிரமநாயகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கிழக்கிலிருந்து மேற்காக, வாசல் வாசலாக, மற்ற கோலங்களும் தரையில் உட்கார்ந்தன. கடைசியாக உட்கார்ந்தது சங்கரவடிவின் கோலம், பவுடர் வாசத்தோடு.

அன்று அந்தத் தெருவில் கார்த்திகை விளக்கு எரியவில்லை. அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வாசலில் வைத்தார்கள், ஏற்றவில்லை. சொக்கப்பனை இல்லாத கார்த்திகை எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று பூசாரி கேட்டார். குத்துவிளக்குப் பரிசு, கோலம் எதுவும் நிலைத்து நிற்காததால், சங்கத்துக் கணக்கிலேயே வைக்கப்பட்டது. தெரு பிரமநாயகிக்கு நன்றி சொல்லவில்லை. இருந்த ஒரே அதிசயத்தை இறக்கிவைத்துவிட்டாள், இனிச் சம்பந்திகள் நிமிர்ந்துகொண்டுதான் வருவார்கள் என்று பேசிக்கொண்டது. அதிசயம் போன இடத்தில் உயிர் மிஞ்சியிருக்கிறது என்பது எண்ணெய் தீர்ந்த பிறகு திரி தெரிவதுபோல மெதுவாகத்தான் தெரியும்.

மறுநாள் காலை ஜெபசீலி வந்து பிரமநாயகி வீட்டுக்குள் அறை அறையாகக் குழாயை நீட்டினாள். பெட்டி வாய் திறக்கவில்லை. அடுப்பங்கரையில், சாமி மாடத்தில், கட்டிலுக்கு அடியில், எங்கும் இல்லை.

"இருக்கலாம்க்கா," என்றாள். "பைப்பை மட்டும் எடுத்துராதீங்க. எத்தனை வருசம் மூச்சு விடுமோ, அத்தனை வருசம் நிக்கணும்."

பிரமநாயகி அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு, கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். நட்டநடுவில், கதவுக்கு நேரே, அவள் இடுப்புக்கு மேலே, வீட்டுக்கூரைக்கும் மேலே, சாம்பல் நிறத்தில் பைப் நின்றது. எதிரே சங்கரவடிவு, தன் கோலத்தைப் போட்டு முடித்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இதைப் பார்ப்பதற்கென்றே வந்து நின்றாள்.

"இத்தாம் பெரிய கம்பத்தை நடுவாசல்ல வச்சுக்கிட்டு இனி எங்கன கோலம் போடுவ பிரமு?"

பிரமநாயகி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பைப்பின் அடியைச் சுற்றி ஒட்டியிருந்த மண்ணைப் புறங்கையால் துடைத்தாள். மூன்று விரலால் மாவை அள்ளிக்கொண்டு, இடம் பார்த்தாள்.

"நடுப்புள்ளிய சர்க்காரே வச்சுக் குடுத்துட்டாக மதினி," என்றாள். "சுத்தி வைக்கதுதான் பாக்கி."